கடல்மைலும் அங்ஸ்ட்ரோமும்: அளவைகளின் பின்னாலுள்ள மனித வரலாறு

ஒரு கடல்மைலில் எத்தனை அங்ஸ்ட்ரோம் அடங்கும்? பௌதிகம் பயிலும் மாணவர் எவருக்கும் இது கடினமான வினாவன்று. ஒரு கடல்மைல் 1,852 மீற்றர். ஒரு மீற்றரிலே ஆயிரங் கோடி அங்ஸ்ட்ரோம். இரண்டையும் பெருக்கினால் 18,520,000,000,000 என்ற விடை கிடைக்கின்றது. நமது வழக்கிலே சொல்வதாயின் பதினெட்டு இலட்சத்து ஐம்பத்தீராயிரங் கோடி. பழைய கடலோடிகள் கையாண்ட ‘லீக்’ என்னும் அளவை மூன்று கடல்மைல் கொண்டது. அதற்கு இத்தொகையை மூன்றாற் பெருக்கினாற் போதும். வினாத்தாளிலே இவ்விடைக்கு ஓரிரு புள்ளிகள் வழங்கப்படும். அத்தோடு விடயம் முடிந்துவிடும்.

ஆயின் வரலாறு பயில்வோருக்கு விடயம் இங்கேதான் தொடங்குகின்றது. கடல்மைல் கப்பலோட்டியின் அளவை. நிலங்காணாப் பெருங்கடலிலே தன் கப்பல் நிற்கும் இடத்தைக் கணிப்பதற்கு அவன் கைக்கொண்டது. அங்ஸ்ட்ரோமோ அணுவின் பருமனை ஒத்த அளவை, ஆய்வுகூடத்திலே பிறந்தது. ஒன்றையொன்று அறியாத இவ்விரு தொழில்களின் அளவைகளும் மிச்சமின்றி ஒன்றாலொன்று வகுபடுவது எங்ஙனம்? இயற்கையிலே அத்தகைய பொருத்தம் ஏதுமில்லை. மனிதர் கூடிச் செய்துகொண்ட உடன்பாடே அப்பொருத்தத்தை ஆக்கியது. அவ்வுடன்பாட்டை எட்டுவதற்கு ஏறத்தாழ ஐந்து நூற்றாண்டுகள் சென்றன. அக்காலத்திலே நேர்ந்த சில பிழைகளும், அவற்றை மறைத்தோர், திருத்தியோர் வரலாறுமே இக்கட்டுரையின் பொருளாகும். எவரும் சோதித்துப் பார்க்கக்கூடியதாக இருக்கும்போதே ஓர் அளவை மக்களின் பொதுவுடைமையாகின்றது என்பதை அவ்வரலாறு நமக்கு உணர்த்துகின்றது.

*

அலகு மாற்றத்திலே நேர்ந்த பிழைகளுள் மிகப் பெரும் விளைவுகளை உண்டாக்கியது கொலம்பஸின் பிழையே எனலாம். பூமி உருண்டை என்பதை அவர் காலத்துக் கற்றோர் அறிந்தே இருந்தனர். பூமி தட்டையென நம்பிய அறிஞர்களை எதிர்த்து அவர் தனித்து நின்று போராடினார் என்பது பிற்காலத்துக் கட்டுக்கதை. விவாதம் பூமியின் வடிவத்தைப் பற்றியதன்று. அதன் பருமனைப் பற்றியது. பூமியின் சுற்றளவை 360 பாகைகளாக வகுத்தால் ஒரு பாகைக்கு 56⅔ மைல் ஆகுமென ஒன்பதாம் நூற்றாண்டிலே அல்-பர்கானி என்னும் வானியலறிஞர் எழுதியிருந்தார். அவர் குறித்தது அரபு மைல். கொலம்பஸ் அதே எண்ணை எடுத்துக்கொண்டு, அதனைவிட மிகக் குறுகியதும் ஏறத்தாழ 1,480 மீற்றர் நீளமுடையதுமான இத்தாலிய மைலாக அதற்குப் பொருள் கொண்டார். எண் மாறவில்லை, அலகு மாறிற்று. அதனால் அவரது கணக்கிலே பூமியின் சுற்றளவு நாலிலொரு பங்கு சுருங்கிவிட்டது. ஆசியாக் கண்டம் கிழக்கே மிக நீண்டு கிடக்கின்றது என்ற மற்றொரு தவறான கணிப்பையும் அவர் இதனோடு சேர்த்துக்கொண்டார். கனாரித் தீவுகளிலிருந்து மேற்கே யப்பான் வரையுள்ள தூரம், உண்மைத் தூரத்தின் நாலிலொரு பங்குக்கும் குறைவாக வந்தது.

போர்த்துக்கலிலும் ஸ்பெயினிலும் அவரது திட்டத்தை ஆராய்ந்த அறிஞர்கள் அதனை ஏற்க மறுத்தனர். தூரம் பற்றிய அளவில் அவர்கள் கூறியதே சரியானது. எனினும் 1492ஆம் ஆண்டு ஸ்பானிய முடியாட்சி கப்பல்களை அனுப்பிற்று. கீழைத்தேய வாணிபத்திலே போர்த்துக்கல் முந்திவிடும் என்ற அச்சமும் பொன்மீதிருந்த வேட்கையும் கணிதத்தைவிட வலிமை வாய்ந்தனவாக இருந்தன. இடையிலே எவரும் எதிர்பாராத ஒரு கண்டம் குறுக்கிட்டிராவிடின், அக்கப்பல்களிலே சென்றோர் நடுக்கடலிற் பசியாலும் தாகத்தாலும் மாண்டிருப்பர். கண்டம் இருந்தமையால் அவர்கள் தப்பினர். அங்கே வாழ்ந்த தைனோ மக்கள் தப்பவில்லை. கட்டாய உழைப்பும் வாளும் ஐரோப்பியர் கொண்டுவந்த நோய்களும் சில பத்தாண்டுகளுக்குள் அவர்களிற் பெரும்பாலோரைக் கொன்றொழித்தன. இவ்வழிவுக்கு அலகுப் பிழை காரணமென்று கூறுவது பேதைமை. காரணம் கொள்ளையை நாடிய ஒரு சமுதாய அமைப்பு. ஆயின் அந்த அமைப்பு, தான் விரும்பிய விடையைத் தரும் அலகைச் சோதியாது ஏற்றுக்கொண்டது என்பது மனங்கொள்ளத்தக்கது.

*

கடலிலே தூரத்தை அளப்பதற்கு மாலுமிகள் எளிய கருவியொன்றைக் கையாண்டனர். நீண்ட கயிறொன்றிலே ஒழுங்கான இடைவெளிகளில் முடிச்சுகள் போடப்பட்டிருக்கும். அதன் நுனியிற் கட்டிய மரப்பலகையைக் கப்பலின் பின்புறத்தே கடலில் எறிவர். பலகை நீரிலே நிற்கக் கப்பல் முன்னோக்கிச் செல்லும். அரை நிமிட மணற்கடிகாரத்தின் மணல் வடிந்து முடிவதற்குள் எத்தனை முடிச்சுகள் கையைக் கடந்து செல்கின்றன என்று எண்ணுவர். கப்பலின் வேகத்தை இன்றும் ‘நொட்’, அதாவது முடிச்சு, என்னும் சொல்லாலேயே குறிப்பது இதனாலாகும்.

முடிச்சுகளுக்கிடையேயுள்ள தூரம் எவ்வளவு இருத்தல் வேண்டும்? பூமியின் பருமனை அறியாமல் இதற்கு விடை கூறமுடியாது. பாகையொன்றை அறுபது கூறாக்கினால் ஒரு கூறு ‘கலை’ எனப்படும். நெடுங்கோட்டின் வழியே ஒரு கலை அளவு சென்றால் எத்தனை அடி சென்றதாகும் என்பதே கடல்மைலின் வினா. ஆங்கிலேய மாலுமிகள் அதனை 5,000 அடியெனக் கொண்டு, 42 அடிக்கு ஒரு முடிச்சு வீதம் இட்டு வந்தனர். உண்மையான அளவு அதனினும் 1,000 அடிக்கு மேல் அதிகம். எனவே கணக்கிலே கப்பல் முன்னே சென்றுவிடும். கடலிலே பின்னே நிற்கும். எதிர்பாராது கரையில் மோதுவதிலும் கரையை முற்கூட்டியே எதிர்பார்த்திருப்பது நன்று என்று கூறிப் பலர் இப்பிழையையே விரும்பிப் போற்றினர்.

இதனைத் திருத்த முற்பட்டவர் றிச்சர்ட் நோர்வூட் என்பவர். இலண்டனில் மீன் வணிகரொருவரிடம் தொழில் பழகச் சேர்க்கப்பட்டுப் பின்னர் கடலோடியாகி, கணிதத்தைத் தாமே கற்று, அதனையே மாலுமிகளுக்குக் கற்பித்து வாழ்ந்தவர் அவர். 1633ஆம் ஆண்டு இலண்டனிலும் 1635ஆம் ஆண்டு அதே நாளில் யோர்க் நகரிலும் நண்பகற் சூரியனின் ஏற்றத்தை அளந்தார். இரு நகர்களுக்கும் இடையிலான அகலக்கோட்டு வேறுபாடு 2 பாகை 28 கலை எனக் கண்டார். அத்தோடு நில்லாமல் அவ்விரு நகர்களுக்குமிடையே உள்ள நெடுஞ்சாலையை, சில இடங்களிற் சங்கிலியாலும் சில இடங்களிற் காலடியாலும் அளந்துகொண்டே நடந்தார். வளைவுகளுக்கும் ஏற்ற இறக்கங்களுக்கும் கழிக்க வேண்டியவற்றைக் கழித்து, ஒரு கலைக்கு ஏறத்தாழ 6,120 அடி என்ற முடிவுக்கு வந்தார். இன்றைய அளவோடு ஒப்பிடுகையில் பிழை நூற்றுக்கு ஒன்றிலும் குறைவு. 1637ஆம் ஆண்டு தாம் வெளியிட்ட நூலிலே, முடிச்சுகளின் இடைவெளியைக் கூட்டவேண்டுமென அவர் மாலுமிகளை வேண்டினார்.

அறிவு வளர்ச்சியின் இரட்டைத் தன்மையை ஈண்டு நாம் மறத்தலாகாது. நோர்வூட்டின் நடை மாலுமிகளின் உயிரைக் காக்கும் நோக்குடையது. ஆயின் அவ்வாறு திருத்தப்பட்ட முடிச்சுக் கயிறு மீனவரதும் வணிகரதும் கப்பல்களில் மட்டும் தொங்கவில்லை. ஆபிரிக்க மக்களை விலங்கிட்டு ஏற்றிச் சென்ற அடிமைக் கப்பல்களிலும் அதுவே தொங்கிற்று. கருவி ஒன்றுதான், அதனை உடைமையாகக் கொண்ட வர்க்கத்தின் நோக்கமே அதன் பயனைத் தீர்மானித்தது.

*

கடலிலே நிலைமை இவ்வாறாக, நிலத்திலே அளவை என்பது ஆதிக்கத்தின் நேரடியான கருவியாக விளங்கிற்று. புரட்சிக்கு முந்திய பிரான்சிலே ஏறத்தாழ எண்ணூறு பெயர்களின் கீழ் இரண்டரை இலட்சம் வெவ்வேறு அளவைகள் வழங்கின என வரலாற்றாசிரியர் மதிப்பிடுகின்றனர். ஊருக்கு ஊர் முழமும் படியும் வேறுபட்டன. தானியம் அளக்கும் மூலப்படி பல இடங்களிலே நிலப்பிரபுவின் கையிலே இருந்தது. படியைக் கூம்பாக நிறைத்து அளப்பதா, தலைதட்டி அளப்பதா என்பது உழவனின் ஓராண்டு உணவைத் தீர்மானிக்கும் வினாவாயிற்று. குத்தகை வாங்கும்போது கூம்பாகவும், கொடுக்கும்போது தலைதட்டியும் அளப்போரை எதிர்த்து வாதாட உழவனுக்குப் பொதுப்படி என்று ஒன்றில்லை. 1789ஆம் ஆண்டு நாடெங்குமிருந்து எழுந்த குறைமுறையீடுகளிலே, நாடு முழுவதற்கும் ஒரே நிறையும் ஒரே அளவையும் வேண்டும் என்ற கோரிக்கை மீண்டும் மீண்டும் ஒலித்தது.

அக்கோரிக்கைக்குப் புரட்சி அளித்த விடையே மீற்றர். அரசனின் பாதத்தையோ பிரபுவின் படியையோ மூலமாகக் கொள்ளாது, எல்லா மக்களுக்கும் பொதுவான பூமியையே மூலமாகக் கொள்ள வேண்டும் என 1791ஆம் ஆண்டு மார்ச் மாதம் தேசிய சபை தீர்மானித்தது. வடதுருவத்திலிருந்து பூமத்தியரேகை வரையுள்ள தூரத்தின் கோடியில் ஒரு பங்கு ஒரு மீற்றர் எனப்பட்டது.

கடல்மைலுக்கும் மீற்றருக்கும் உள்ள உறவு இவ்விடத்திலே வெளிப்படுகின்றது. இரண்டும் ஒரே தாயின் மக்கள். துருவத்திலிருந்து பூமத்தியரேகை வரை 90 பாகை. பாகைக்கு 60 கலை. ஆக 5,400 கலை. அத்தூரத்தை 5,400 ஆல் வகுத்தாற் கடல்மைல். ஒரு கோடியால் வகுத்தால் மீற்றர். ஒரு கோடியை 5,400 ஆல் வகுத்துப் பாருங்கள்: 1,851.85 வருகின்றது. நாம் மனனஞ் செய்யும் 1,852 என்ற எண் இதுவேயாகும்.

இன்னொன்றும் உண்டு. செங்கோணத்தை 90 பாகைகளாக அன்றி 100 கூறுகளாகவும், ஒவ்வொரு கூற்றையும் நூறு நூறாகவும் பிரிக்க வேண்டுமென்றே புரட்சிக்காலத்து அறிஞர்கள் விரும்பினர். அவ்வாறு பிரித்தால் கலைக்குச் சமனான சிறு கூறு சரியாக ஒரு கிலோமீற்றர் ஆகும். கிலோமீற்றரே அவர்களின் கடல்மைல்! ஆயின் உலகிலிருந்த கடற்படங்களும் கோணமானிகளும் கடிகாரங்களும் பழைய அறுபதின் வகுப்பிலேயே நின்றன. அவற்றை மாற்ற எவராலும் இயலவில்லை. பாதிவழியிலே நின்றுபோன ஒரு மாற்றத்தின் தழும்பே 1,852 என்னும் எண்.

*

மீற்றரைத் தீர்மானிப்பதற்காக டங்கேர்க் முதல் பார்சலோனா வரையுள்ள நெடுங்கோட்டு வில்லை அளக்க டெலாம்பர், மெஷெய்ன் என்னும் வானியலறிஞர் இருவர் 1792ஆம் ஆண்டு புறப்பட்டனர். டெலாம்பர் வடபகுதியையும் மெஷெய்ன் தென்பகுதியையும் பொறுப்பேற்றனர். ஓராண்டிலே முடியுமென எண்ணிய வேலை போராலும் உள்நாட்டுக் குழப்பத்தாலும் ஏறத்தாழ ஏழாண்டுகள் நீடித்தது.

பார்சலோனாவிலே மெஷெய்ன் மிகுந்த கவனத்தோடு அந்நகரின் அகலக்கோட்டை அளந்தார். போர் மூண்டு ஊர் திரும்ப இயலாத நிலையில், அண்மையிலிருந்த மற்றோரிடத்திலிருந்து மீண்டும் அளந்தபோது இரு விடைகளும் பொருந்தவில்லை. வேறுபாடு மூன்று விகலைக்குச் சற்று மேல். நிலத்திலே ஏறத்தாழ 100 மீற்றர். தமது கையிலேதான் தவறு என எண்ணிய அவர், அவ்வேறுபாட்டை எவருக்கும் கூறாது மறைத்துவிட்டார். 1799ஆம் ஆண்டு பிளாட்டினத்தாலான மீற்றர்கோல் பாரிஸிலே வைப்பிலிடப்பட்ட பின்னரும் அக்கவலை அவரை விடவில்லை. அளவீட்டை மேலும் தெற்கே நீட்டுவதற்காக மீண்டும் ஸ்பெயின் சென்ற அவர், 1804ஆம் ஆண்டு அங்கே காய்ச்சல் கண்டு இறந்தார். அவரது குறிப்பேடுகளைப் பார்வையிட்ட டெலாம்பரே உண்மையை அறிந்தார். ஆயின் அவர் அவற்றை அழித்துவிடவில்லை. பிற்காலத்தார் காணுமாறு பாரிஸ் வானியல் நிலையத்திலே சேர்ப்பித்தார்.

மீற்றர்கோல் தன் இலக்கணத்தினின்றும் 0.2 மில்லிமீற்றர் அளவு குறைந்துபோனமை உண்மை. ஆனால் அதற்குப் பெருங்காரணம் மெஷெய்னின் வேறுபாடு அன்று. துருவங்களிலே பூமி எவ்வளவு தட்டையாக உள்ளது என்பதற்கு அன்று கொள்ளப்பட்ட எண்ணே சரியானதன்று. தனியொருவர் தம் குற்றமென எண்ணி நொந்தது, உண்மையில் எல்லா அளவீட்டிலும் உள்ளுறைந்த பொது இயல்பு. 1805ஆம் ஆண்டு லெஜாந்தர் என்னும் கணித அறிஞர், ஒன்றோடொன்று பொருந்தாத அளவீடுகளிலிருந்து மிகச் சிறந்த விடையைப் பெறும் முறையை வெளியிட்டார். அதற்கு அவர் எடுத்துக்காட்டாகக் கொண்டது இந்த நெடுங்கோட்டு அளவீடுகளையே. பிழையை ஒளிப்பதற்குப் பதிலாக அதனையே கணக்கிட்டுச் சொல்லும் பழக்கம் விஞ்ஞானத்திலே வேரூன்றலாயிற்று.

*

இப்பொழுது கடலையும் நிலத்தையும் விட்டு ஒளியினிடம் வருவோம். பூமி குளிர்ந்து சுருங்கக்கூடும். உலோகக் கோல் தேயக்கூடும். என்றும் மாறாத அளவையை அணுக்களிலேதான் தேட வேண்டும் என 1870ஆம் ஆண்டு மக்ஸ்வெல் கூறினார். அதற்கு வழிசமைத்தவர் சுவீடனில் உப்சாலாப் பல்கலைக்கழகத்திலே பணியாற்றிய அன்டேர்ஸ் யோனாஸ் அங்ஸ்ட்ரோம் (1814–1874). சூரிய ஒளியை நிறங்களாகப் பிரித்தால் அதிலே நுண்ணிய கருங்கோடுகள் தென்படும். ஒவ்வொரு கோடும் ஒரு மூலகத்தின் கையொப்பம் போன்றது. 1868ஆம் ஆண்டு அவர் ஏறத்தாழ ஆயிரம் கோடுகளின் அலைநீளங்களை அட்டவணைப்படுத்தி வெளியிட்டார். தசமப் புள்ளியும் சுழிகளும் பெருகாதிருக்கும் பொருட்டு மில்லிமீற்றரின் கோடியில் ஒரு பங்கை அலகாகக் கொண்டார். அவ்வலகே பின்னர் அவர் பெயரைப் பெற்றது.

அங்ஸ்ட்ரோமின் கணக்கு அனைத்தும் உப்சாலாவிலிருந்த ஒரு மீற்றர்கோலைச் சார்ந்திருந்தது. அதன் உண்மையான நீளத்தை உறுதிப்படுத்த அவர் அதனைப் பாரிஸிலே ஒப்பிடச் செய்தார். அங்கே பெறப்பட்ட திருத்தம் தவறானது. அதனைக் கைக்கொண்டமையால், திருத்திய அலைநீளங்கள் திருத்தாதவற்றைவிட உண்மையிலிருந்து மேலும் விலகின. பிழை ஏறத்தாழ ஆறாயிரத்தில் ஒரு பங்கு. அங்ஸ்ட்ரோமின் மறைவின் பின் அவரது உடன்பணியாளர் தாலேன் அதனைத் திருத்தி வெளியிட்டார். கொலம்பஸுக்கும் அங்ஸ்ட்ரோமுக்கும் நேர்ந்தது ஒரே இனத்துப் பிழை: எண்ணுக்கும் அலகுக்குமிடையே உள்ள தொடர்பு தவறிப்போனமை. ஆனால் பின்னையவர் தாம் அளந்த முறையையும் கோலையும் எல்லோரும் அறிய எழுதிவைத்திருந்தார். எனவே பிறர் அதனைக் கண்டு திருத்த முடிந்தது.

பிழையுடையதாயினும் அவ்வட்டவணை வீண்போகவில்லை. சுவிற்சர்லாந்திலே பாசல் நகரத்துப் பெண்கள் பாடசாலையொன்றிற் கணிதங் கற்பித்த யோகான் பால்மர் என்னும் ஆசிரியர், அதிலிருந்த ஐதரசனின் நான்கு அலைநீளங்களை எடுத்து ஆராய்ந்தார். அவை எளியதொரு சூத்திரத்தில் அடங்குவதை 1885ஆம் ஆண்டு எடுத்துக்காட்டினார். 1913ஆம் ஆண்டு நீல்ஸ் போர் அணுவின் அமைப்பை விளக்கியபோது அச்சூத்திரமே அவருக்கு வழிகாட்டிற்று. கோலின் பிழை நான்கு எண்களையும் ஒரே விகிதத்திற் பாதித்தமையால் அவற்றிடையே உள்ள ஒழுங்கு கெடவில்லை. ஓர் எளிய பாடசாலை ஆசிரியர் அணுவின் வாயிலைத் திறந்தார் என்பது நம்மிடையேயுள்ள ஆசிரியர்கள் நினைவிற் கொள்ளத்தக்கது.

1907ஆம் ஆண்டு, சூரிய ஆராய்ச்சியாளரின் சர்வதேச ஒன்றியம் அங்ஸ்ட்ரோமை மீற்றர்கோலிலிருந்து விடுவித்தது. கட்மியத்தின் செந்நிற ஒளிக்கோட்டின் அலைநீளம் 6,438.4696 அங்ஸ்ட்ரோம் என வகுக்கப்பட்டது. தகுந்த ஆய்வுகூடமுடைய எந்நாட்டவரும் பாரிஸ் செல்லாது தம் நாட்டிலேயே அலகைப் பெறலாம் என்ற நிலை தோன்றிற்று. 1960ஆம் ஆண்டு மீற்றரே ஒளியின் வழி வந்தது. கிரிப்டன்-86 அணுவின் குறித்ததோர் ஒளியின் 1,650,763.73 அலைநீளங்கள் ஒரு மீற்றர் எனப்பட்டது. அங்ஸ்ட்ரோம் மீண்டும் அதன் ஆயிரங் கோடியில் ஒரு பங்காயிற்று. 1983ஆம் ஆண்டு முதல், ஒளி வெற்றிடத்திலே ஒரு செக்கனில் 299,792,458 மீற்றர் செல்கின்றது என்ற அடிப்படையில் மீற்றர் வரையறுக்கப்படுகின்றது. பாரிஸிலே பூட்டிவைத்த கோல் இன்று வரலாற்றுச் சின்னம் மட்டுமே.

*

அங்ஸ்ட்ரோம் அணுவின் அளவையாக வாய்த்தது எவ்வாறு? 1913ஆம் ஆண்டு பிராக் தந்தையும் மைந்தரும் எக்ஸ்-கதிர்களைக் கொண்டு பளிங்குகளின் உள்ளமைப்பை அளக்கத் தொடங்கியபோது, அணுக்களின் இடைவெளிகள் ஒன்று, இரண்டு, மூன்று அங்ஸ்ட்ரோம் என்ற அளவிலேயே அமைந்திருந்தன. நாம் உண்ணும் கடலுப்பிலே சோடியத்துக்கும் அதனை அடுத்துள்ள குளோரினுக்கும் இடையேயுள்ள தூரம் 2.82 அங்ஸ்ட்ரோம். அவ்வணுக்களை அதே இடைவெளியில் வரிசையாக அடுக்கிச் சென்றால், ஒரு கடல்மைலைக் கடக்க ஏறத்தாழ ஆறரை இலட்சங் கோடி அணுக்கள் வேண்டும். கடலின் மேற்பரப்பை அளந்த அலகும் கடல்நீரிற் கரைந்த உப்பை அளந்த அலகும் இவ்வாறு சந்திக்கின்றன. உயிரின் பரம்பரைப் பண்புகளைத் தாங்கும் டி.என்.ஏ. மூலக்கூற்றின் அமைப்பு 1953ஆம் ஆண்டு வெளிப்பட்டபோது, அதன் படிகளின் இடைவெளியும் 3.4 அங்ஸ்ட்ரோம் என்றே கூறப்பட்டது. அதற்கு அடிப்படையான எக்ஸ்-கதிர்ப் படங்களை எடுத்த றோசலின்ட் பிராங்ளினின் உழைப்புக்கு அவர் வாழ்நாளில் உரிய மதிப்பு வழங்கப்படவில்லை.

இத்துறையும் பிழைக்கு விலக்கன்று. எக்ஸ்-கதிர்களுக்கென சுவீடனைச் சேர்ந்த சீக்பான் தனி அலகொன்றை வகுத்தார். கல்சைற்றுப் பளிங்கின் இடைவெளியை அடிப்படையாகக் கொண்ட அவ்வலகு அங்ஸ்ட்ரோமின் ஆயிரத்தில் ஒரு பங்காக அமையவேண்டியது. 1930களிலே ஒளியை அளக்கும் முறையாலேயே எக்ஸ்-கதிர்களையும் அளந்து பார்த்தபோது, நூற்றுக்கு 0.2 வீத வேறுபாடு தென்பட்டது. காரணத்தைத் தேடிச் சென்றோர், இலத்திரனின் மின்னேற்றத்துக்கு மில்லிக்கன் கண்ட பெறுமானத்திலே சிறு பிழை இருப்பதைக் கண்டனர்; அவர் காற்றின் பாகுமைக்குக் கொண்ட எண் சற்றுக் குறைவானது. புகழ்பெற்ற ஒருவரின் எண் என்பதற்காக அது காப்பாற்றப்படவில்லை. இரு வேறு வழிகளாற் பெற்ற அளவைகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டமையால் மறைந்திருந்த பிழை வெளிவந்தது. அலகு மாற்றம் என்பது வெறும் பெருக்கற் கணக்கன்று. அது உண்மைக்கான ஒரு சோதனை என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

*

கடல்மைலின் கதை இன்னும் முடியவில்லை. பூமி சரியான உருண்டையன்று. ஆதலால் ஒரு கலையின் நீளம் பூமத்தியரேகையருகே ஏறத்தாழ 1,843 மீற்றர், துருவத்தருகே ஏறத்தாழ 1,862 மீற்றர். எந்த எண்ணைக் கொள்வது என்பது இயற்கை கூறும் விடயமன்று. 1929ஆம் ஆண்டு மொனாக்கோவிலே கூடிய சர்வதேச நீர்ப்பரப்பியல் மாநாடு 1,852 மீற்றர் எனத் தீர்மானித்தது. அமெரிக்கா 1954ஆம் ஆண்டுவரை அதனை ஏற்கவில்லை. பிரித்தானியா தன் 6,080 அடிக் கடல்மைலை 1970ஆம் ஆண்டுவரை விடவில்லை. இரண்டுக்குமிடையே உள்ள வேறுபாடு 1.184 மீற்றர், அங்ஸ்ட்ரோமிலே சொல்வதாயின் 1,184 கோடி. கடலை ஆண்ட வல்லரசுகள் தம் அளவையையே உலகளவையாகக் கருதிய காலம் மெல்ல மெல்லவே மறைந்தது.

அளவை எத்தனை முக்கியமோ, அதனை எத்தனை எண்ணிக்கையில் யாருக்கு வழங்குவது என்பதும் அத்தனை முக்கியம். பெருங்கடற்படை கொண்ட நாடுகள், கரையோர நாடுகளின் உரிமை மூன்று கடல்மைலுக்கு அப்பாற் செல்லலாகாது என நெடுங்காலம் வற்புறுத்தின. அப்பாலுள்ள மீன்வளம் பெருங்கப்பல் உடையோருக்கே போய்ச் சேர்ந்தது. 1952ஆம் ஆண்டு சிலி, பெரு, எக்குவடோர் ஆகிய நாடுகள் கூடி 200 கடல்மைல் தமக்குரியது என முழங்கின. அக்குரல் பின்னர் மூன்றாம் உலக நாடுகள் பலவற்றின் குரலாயிற்று. இலங்கை 1976ஆம் ஆண்டு இயற்றிய கடல் வலயச் சட்டத்தின் வழி 12 கடல்மைல் ஆட்சிக் கடலையும் 200 கடல்மைல் பொருளாதார வலயத்தையும் வகுத்துக்கொண்டது. ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடற்சட்ட மாநாட்டுக்கு 1973ஆம் ஆண்டு முதல் 1980ஆம் ஆண்டு தாம் மறையும்வரை தலைமை வகித்தவர் இலங்கையரான ஷேர்லி அமரசிங்க என்பதும் குறிப்பிடத்தக்கது. அம்மாநாட்டின் பயனாக 1982ஆம் ஆண்டு எழுந்த உடன்படிக்கை 200 கடல்மைலை உலக நியதியாக்கிற்று. அன்று கொலம்பஸின் கையிலே படையெடுப்புக்குத் துணைபோன பாகைக் கணக்கு, இன்று சிறிய நாடுகளின் மீனவருக்கு வேலியாகவும் பயன்படுகின்றது.

மீண்டும் நம் மாணவரின் பெருக்கற் கணக்குக்கு வருவோம். 18,520,000,000,000 என்னும் எண்ணிலே தொடக்கத்தில் நிற்கும் நான்கு இலக்கங்கள் பூமியின் பருமனிலிருந்தும் பாதிவழியில் நின்றுபோன ஒரு சீர்திருத்தத்திலிருந்தும் வந்தவை. பின்னே நிற்கும் பத்துச் சுழிகளோ எந்த அளவீட்டாலும் பெறப்பட்டவையல்ல. எந்த அளவீட்டாலும் ஒரு கடல்மைலை ஓர் அணுவின் துல்லியத்துக்கு அளக்கவும் இயலாது. அவை, நாம் அனைவரும் இதனையே கொள்வோம் என்று பல நாட்டு மக்கள் ஒருவருக்கொருவர் கொடுத்துக்கொண்ட வாக்குறுதி. உழவனின் படியிலே தலைதட்டிய கைக்கு எதிராக எழுந்த கோரிக்கை அதிலே இருக்கின்றது. யோர்க் சாலையிலே சங்கிலியோடு நடந்தவரின் களைப்பும், உப்சாலாவின் தவறான கோலைப் பின்னர் திருத்தியோரின் நேர்மையும் அதிலே இருக்கின்றன.

ஆசிரியர்களே, அடுத்த முறை வகுப்பிலே அலகு மாற்றக் கணக்கொன்றைக் கரும்பலகையில் எழுதும்போது, விடையோடு நின்றுவிடாதீர்கள். இந்த அலகை வகுத்தவர் யார், அதனைச் சோதிக்கும் உரிமை யாரிடம் இருந்தது, பிழை நேர்ந்தபோது அது மறைக்கப்பட்டதா, வெளியிடப்பட்டதா என்று மாணவர்களைக் கேளுங்கள். கணக்கிலே இவ்வாறு வினவப் பழகிய மாணவர், கடையிலும் காணியிலும் வேலைத்தலத்திலும் தமக்கு அளந்து கொடுக்கப்படுவதைப் பற்றியும் அதே வினாக்களை எழுப்புவர்.